முதலில் மீட்டரை வையுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்

"போர்டு போயிடுச்சுங்க. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிக்கலாமுங்க."

ஆன் ஆகாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனால், பல இடங்களில் இந்த வார்த்தை ஒரே நிமிடத்தில் வந்து விழுகிறது. சுவிட்சை அமுக்கிப் பார்க்கிறார்கள். விளக்கு எரியவில்லை. தீர்ப்பு தயார். மீட்டர் மேசை டிராயரிலேயே கிடக்கிறது.

எல்லாக் கடைக்காரர்களையும் நான் சொல்லவில்லை. லென்ஸை மாட்டிக்கொண்டு, எறும்புத் தலை அளவுள்ள பாகத்தைக் கழற்றி, புதிது வைத்துப் பற்றவைத்துத் தரும் கெட்டிக்காரப் பையன்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. அளந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிறவர்களோடுதான் என் சண்டை.

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு வரை போய் போர் போடுகின்றன. வண்டியில் லைட் எரியவில்லை என்றால் பட்டறை எலக்ட்ரீஷியன் என்ன செய்கிறார்? முதலில் டெஸ்ட் லேம்ப்பை எடுத்து பேட்டரியில் வைக்கிறார். அங்கே கரண்ட் இருந்தால் பியூஸ், பியூஸ் சரி என்றால் சுவிட்ச், பிறகு ஒயர், கடைசியில் பல்ப். பார்க்காமலே "இன்ஜின் போச்சு, புது லாரி வாங்கு" என்று ஒருவர் சொன்னால் அவரைப் பட்டறைப் பக்கமே சேர்க்க மாட்டோம். லேப்டாப்புக்கு மட்டும் ஏன் இந்த நியாயம் இல்லை?

இது சின்ன விஷயம் அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கிடைத்தது. தறி ஓட்டுகிறவர் வீட்டிலும் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர் வீட்டிலும் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். இப்போது, 2025-26 மாநில பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் சார்ஜர் ஒயர் அறுந்த அன்றைக்கே "போர்டு போச்சு" என்று சொல்லிப் பரண் மேல் ஏற்றிவிட்டால், கொடுத்ததில் என்ன பலன்? அந்தப் பிள்ளைக்கு இன்னொன்று வாங்கித் தர அப்பனால் முடியுமா?

யோசித்தாலே பாதி விடை கிடைக்கும். நேற்று ராத்திரி லேப்டாப் பேட்டரியில் நன்றாக ஓடியது. சார்ஜ் தீர்ந்து அணைந்தது. காலையில் சார்ஜர் போட்டும் எழவில்லை. இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜரையா, போர்டையா?

சோதிக்கும் முறையும் எளிதுதான். முதலில் பிளக் பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று வேறு ஏதாவது மாட்டிப் பாருங்கள். அடுத்து, சுவரிலிருந்து சார்ஜர் பெட்டிக்கு வரும் ஒயர். பெரும்பாலும் அது தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. பல கம்பெனிகளுக்கும் அதே மூன்று துளை ஒயர்தான், விலையும் குறைவு. மாற்றிப் பாருங்கள். சார்ஜர் பெட்டியில் விளக்கு இருந்தால், அது லேப்டாப்பில் மாட்டியவுடன் அணைந்து, கழற்றியவுடன் எரிகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் லேப்டாப் பக்கம். எப்போதும் எரியவில்லை என்றால் சார்ஜர் பக்கம்.

அதற்கும் மேல் மல்டிமீட்டர் இருக்கிறது. டிசி 200 வோல்ட்டில் வைத்து, பின்னின் உள்பக்கம் சிவப்பு முனை, வெளிப்பக்கம் கறுப்பு முனை. சார்ஜர் மேல் 'அவுட்புட்' என்று அச்சடித்திருக்கும். பலவற்றில் 19 வோல்ட், சிலவற்றில் 19.5 அல்லது 20. மீட்டர் அதை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒயரின் கழுத்தை மெல்ல ஆட்டும்போது எண் தாவினால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. எண் சரியாக நின்றால் அடுத்த சந்தேகம் பின் சொருகும் ஜாக். தினமும் இழுபட்டு அதன் ஈயப்பற்று விட்டுப்போயிருக்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகுதான் போர்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சார்ஜர் பெட்டியை உடைத்துத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கலாம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நிறுத்த மாட்டேன். பெரிய குற்றவாளிகள் லேப்டாப் கம்பெனிகள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்குகிறோம். எந்தக் கம்பெனி பேட்டரியும் உட்காருகிறது. லேப்டாப்பில் ஒருவருக்குப் பருமனான பின், ஒருவருக்கு மெல்லிய பின், ஒருவருக்குச் சதுர வாய். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் பின்னின் நடுவே ஊசி போல இன்னொரு கம்பி. தன் வாட் எவ்வளவு என்று சார்ஜர் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்கிறது. அந்த ஊசி உடைந்தால் வோல்ட் சரியாக வந்தாலும் பேட்டரி ஏறாது. இத்தனை வகைப் பின்களால் நமக்கு என்ன லாபம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இதற்குச் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் செல்போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி வாய் கட்டாயம். நம் நாட்டிலும் 2022 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கூட்டிய கூட்டத்தில் செல்போன், டேப்லெட், லேப்டாப்புக்கு டைப்-சி என்று பொதுவான ஒப்புதல் ஏற்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் ஒப்புதலும் இணையதளமும் பின்னை மாற்றாது. சட்டம்தான் மாற்றும்.

"லேப்டாப்புக்கு லேப்டாப் வாட் வேறு, எப்படி ஒரே சார்ஜர் போதும்?" என்று சிலர் கேட்பார்கள். டைப்-சி முறையில் சார்ஜரும் லேப்டாப்பும் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என்று தேவையானதைத் தீர்மானித்துக்கொள்கின்றன. சாதாரண லேப்டாப்புக்கு 65 வாட் போதும். செல்போனின் சின்ன சார்ஜர் போதாது என்பது மட்டும் உண்மை.

ஒரே பின் வந்தால் டூப்ளிகேட் பெருகும் என்பார்கள். டூப்ளிகேட் இப்போதே பெருகித்தான் கிடக்கிறது. வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

நம் பங்கும் இருக்கிறது. வயதானவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று கடைக்காரர் நினைப்பதற்கு நம் மௌனம்தான் காரணம். "ஏந்தம்பி, மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா? எத்தனை வோல்ட் காட்டுது?" என்று கேளுங்கள். போர்டு என்றால் எந்த இடம், என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். பில் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். தகராறு என்றால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு.

பேரனுக்கோ பேத்திக்கோ அடுத்த லேப்டாப் வாங்கப் போகும்போது, ராம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், டைப்-சியில் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போங்கள். பத்துப் பேர் அப்படி எழுந்து போனால் கடைக்காரருக்குக் கேட்கும். ஆயிரம் பேர் போனால் கம்பெனிக்கே கேட்கும்.