தாத்தாவை மூலையில் உட்கார வைக்காதீர்கள்!



"வயதாகிவிட்டது, பாவம், தாத்தா ஓய்வாக உட்காரட்டும்" என்று வீடுகளில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அன்பினால் சொல்வதுதான். ஆயினும், நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவரை நாள் முழுதும் நாற்காலியில் இருத்திவிடுவது அவருக்கு நாம் செய்யும் தீங்கு என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோகிராம். உடல் எடையில் இது 2 விழுக்காடுதான். ஆனால், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. பௌதிகக் கணக்கில் சொன்னால், சுமார் 20 வாட் திறனில் இரவும் பகலும் இயங்கும் பொறி அது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் குளுக்கோசையும் இரத்தமே கொண்டுவர வேண்டும். ஆகவே, இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நன்மை தருவது மூளைக்கும் நன்மை தருகிறது.

அமெரிக்க விஞ்ஞானிகள் 2011-இல் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோய் இல்லாத 120 முதியவர்களை அவர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் 3 நாட்கள், 40 நிமிடம் வரை நடந்தார்கள். மற்றவர்கள் கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தார்கள். ஓராண்டு கழிந்தது. புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் மூளைப் பகுதி, நடந்தவர்களுக்குச் சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது!

"அப்படியானால், நடந்தால் மறதி நோய் குணமாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். குணமாகாது. நோய் முற்றத் தொடங்கியவர்களுக்கு இங்கிலாந்தில் நான்கு மாதம் கடும் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியாயிற்று. உடல் வலுப்பெற்றது, நினைவாற்றலின் சரிவு குறையவில்லை. விரும்பிய முடிவைப் போலவே விரும்பாத முடிவையும் ஏற்பதுதான் விஞ்ஞானம். ஆகவே, தாத்தாவை ஓட வைத்து நோயை விரட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

பிறகு எதற்காக நடக்க வேண்டும்? பயன்படாத தசை மெலிகிறது. தசை மெலிந்தவர் எளிதில் விழுகிறார். விழுந்தவர் படுக்கையோடு ஒன்றிவிடுகிறார். அதோடு, மூலையில் இருப்பவரிடம் பேச ஆள் இல்லை. ஓர் உரையாடலில் எத்தனை வேலை நடக்கிறது, பாருங்கள்! காது ஒலியைப் பிடிக்க வேண்டும். பொருள் விளங்க வேண்டும். பழைய செய்தி நினைவுக்கு வர வேண்டும். சரியான சொல் நாவில் எழ வேண்டும். இத்தனை பயிற்சியையும் மௌனம் பறித்துவிடுகிறது. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, தனிமை, காது மந்தம், கவனிக்காது விட்ட பார்வைக் குறை ஆகியவை அவற்றுள் அடங்கும். பதினான்கையும் சரிசெய்தால், உலகில் ஏற்படும் மறதி நோய்களில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு.

இதில் உங்களுக்கு என்ன வேலை? நிறைய உண்டு. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாலையில் பாட்டியைக் கோயில் வரையிலோ கடைத்தெரு வரையிலோ கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். வழுக்காத செருப்பு அணிந்திருக்கிறாரா என்று பாருங்கள். வழியில் பார்ப்பவரிடம் நின்று பேசவிடுங்கள். பூத் தொடுப்பதும் வெங்காயம் உரிப்பதும் பல்லாங்குழி ஆடுவதும் கைக்குப் பழகியவை. பெயர்கள் மறந்த பிறகும் இவை பெரும்பாலும் நெடுநாள் நிலைக்கும். அந்த வேலைகளை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று நாலு பேர் நடுவில் சோதிக்காதீர்கள். விடை தெரியாமல் விழிக்கும் வேதனையைத் தேர்வு எழுதும் நீங்கள் அறிவீர்கள். "பாட்டி, நான்தான் உங்கள் பேரன் வந்திருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

"படிக்கவே நேரம் போதவில்லையே!" என்கிறீர்களா? முதியோர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 150-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 22 நிமிடம்கூட இல்லை. முடியாதவர் முடிந்த அளவு நடந்தால் போதும்.

நீங்கள் நடை பழகியபோது உங்கள் விரலைப் பிடித்திருந்தவர்கள் அவர்கள். இன்று மாலையே அவர்கள் கையைப் பிடித்து எழுப்புங்கள்.