வலி போச்சுன்னா நோய் போச்சுன்னு யார் சொன்னது?

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் யாருக்காவது காலையில் எழுந்ததும் கைவிரல் மடங்கலன்னா பொறுமையா படிங்க.

போன வாரம் ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க. வயது 44. கட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன காகிதக் கவரை எடுத்து மேசையில் கொட்டினாங்க. வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று நாலு விதமான மாத்திரை. அட்டை இல்லை, பேர் இல்லை.

"மூணு வருஷமா மெடிக்கல்ல ஒரு செட்டுன்னு கேட்டு வாங்குறேன் சார். போட்டா நல்லா இருக்கு. நிறுத்துனா கட்டில விட்டு எழுந்திரிக்க முடியல."

முகம் வட்டமா உப்பியிருந்தது. ஊரில் எல்லாரும் "உடம்பு தேறிட்ட"ன்னு சொல்றாங்களாம். கையை நீட்டச் சொன்னேன். நாலு விரலும் சுண்டுவிரல் பக்கமா சாய்ந்திருந்தது. ஜாக்கெட் கொக்கி போட மகளைத்தான் கூப்பிடணும். எக்ஸ்ரேயில் விரல்கணு எலும்புகளின் ஓரம் கரையான் அரிச்ச மரச்சட்டம் மாதிரி இருந்தது.

அந்த மூணு வருஷமும் அவங்களுக்கு வலி பெருசா இல்லை. கவனிங்க, வலி இல்லை. எலும்பு மட்டும் அரிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

இது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம், சரவாங்கி என்றும் சொல்வோம். வயசானா வரும் மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. இங்க உங்க உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது. மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம் வீங்கித் தடிச்சு, குருத்தெலும்பு மேல படர்ந்து, எலும்பை அரிக்க ஆரம்பிக்கும். பலருக்கு முதல் இரண்டு வருஷத்துக்குள்ளயே அந்த அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிஞ்சிடும். அரிச்ச எலும்பு பழையபடி வளர்ந்து வராது. மாத்திரையால் இனி அரிக்காம நிறுத்தலாம், அவ்வளவுதான்.

பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வரும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனாலதான் "வீட்டு வேலை, அதான் கை வலிக்குது"ன்னு ஒதுக்கிடுறோம்னு எனக்கு ஒரு சந்தேகம். வீட்டு ஆம்பளைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியலன்னா மூணு வருஷம் விட்டு வச்சிருப்போமா?

சரி, அந்தக் கவருக்கு வருவோம். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரையும் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வலி மாத்திரை வலியையும் விறைப்பையும் குறைக்கும். எலும்பு அரிப்பை நிறுத்தும் வேலை அதுக்குத் தெரியாது.

ஸ்டீராய்டை நான் திட்ட மாட்டேன். 1948ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோனை ஒரு வாத நோயாளிக்குக் கொடுத்தார். முடங்கிக் கிடந்தவர் சில நாளில் நடந்தார். 1950ல் நோபல் பரிசே கிடைச்சது. ஆனா மாசக்கணக்கா தொடர்ந்து கொடுத்தப்போதான் அதுக்கான விலை தெரிஞ்சது. எலும்பு பலவீனம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கண்புரை, கிருமித் தொற்று. இன்னைக்கும் நாங்க ஸ்டீராய்டு எழுதுறோம். நிரந்தர மருந்து வேலை செய்ய சில வாரம் ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. அது ஆத்தைக் கடக்கிற பாலம். பாலத்து மேலயே மூணு வருஷம் குடித்தனம் நடத்தினா என்ன ஆகும்?

பேர் இல்லாத பொடி, லேகியம் விற்கிறவங்களுக்கும் இதே கேள்விதான். மூணே நாளில் வலி போச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. அப்படிப்பட்ட பொடிகளைச் சோதிச்சப்போ உள்ளே ஸ்டீராய்டு இருந்தது பல நாடுகளில் பதிவான விஷயம்.

(முக்கியமான ஒண்ணு: இதைப் படிச்சிட்டு இன்னைக்கு ராத்திரியே மாத்திரையை நிறுத்திடாதீங்க. நாள்பட ஸ்டீராய்டு எடுத்தவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லித்தான் படிப்படியா குறைக்கணும்.)

இப்போ நிரந்தர மருந்து. மெத்தோட்ரெக்சேட். இந்தப் பேரை எழுதிக் கொடுத்தா பாதிப் பேர் திரும்பி வர்றதில்லை. போற வழியிலயே போன்ல தேடிப் பார்த்துட்டு, "கேன்சர் மருந்தை எழுதிட்டான்"னு சீட்டைக் கிழிச்சிடுறாங்க. ஆமாங்க, புற்றுநோய்க்கும் இதைக் கொடுப்போம். சில புற்றுநோய்களுக்கு ஒரே தடவையில் கிராம் கணக்கில். வாதத்துக்கு வாரத்துக்கு 7.5லிருந்து 25 மில்லிகிராம். ஒரு கிராம்னா ஆயிரம் மில்லிகிராம், கணக்கு நீங்களே போடுங்க. 1980களிலிருந்து உலகம் முழுக்க வாதத்துக்கு இதைக் கொடுத்துட்டு இருக்காங்க. இன்னைக்கும் முதல் மருந்து இதுதான்.

பயப்பட வேண்டிய இடம் வேற. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி உயிர் போனவங்க உண்டு. அட்டை மேலயே "புதன் மட்டும்"னு பேனாவால எழுதி வைங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளில் போடணும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூணுக்கும் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை பண்ணியே ஆகணும். குடிப்பழக்கம் இருந்தா மறைக்காதீங்க. கர்ப்பிணிகள் போடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொன்னா வேற மருந்துக்கு மாத்தலாம்.

இப்போ எங்க ஆளுங்களுக்கு. கோபம் வரும், பரவாயில்லை.

2004ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வந்தது. பேர் டிகோரா. 110 நோயாளிகள், இரண்டு குழு, 18 மாதம். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவை மாசாமாசம் வரவழைச்சு, வீங்கிய மூட்டுகளை எண்ணி, நோயின் வேகத்துக்கு மதிப்பெண் போட்டு, மதிப்பெண் இறங்கலன்னா மருந்தைக் கூட்டினாங்க, வீங்கின மூட்டுக்குள்ள ஊசி போட்டாங்க. ரெண்டு பக்கமும் பழைய, விலை குறைந்த மருந்துகள்தான். முடிவில் நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 16 சதவீதம், இரண்டாவதில் 65 சதவீதம். எலும்பு அரிப்பும் இரண்டாவது குழுவில் குறைவு.

அதாவது வித்தியாசம் லட்ச ரூபாய் ஊசியால வரல. மூட்டைத் தொட்டு எண்ணிப் பார்த்ததால வந்தது.

நம்ம ஓபியில் என்ன நடக்குது? "வலி எப்படிம்மா இருக்கு?" "பரவாயில்ல சார்." "அதே மாத்திரையைத் தொடருங்க." முடிஞ்சது. கையைத் தொடுறதே இல்லை. கூட்டம் அதிகம், ஒத்துக்கிறேன், நானும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கேன். ஆனா 28 மூட்டை அழுத்திப் பார்க்க ரெண்டு மூணு நிமிஷம் போதும். மூணு மாசத்தில் முன்னேற்றம் இல்லைன்னாலோ, ஆறு மாசத்தில் இலக்கைத் தொடலன்னாலோ மருந்தை மாத்தணும் என்பது புது விஷயமே இல்லை.

இன்னொரு பாவம், ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ்னு வந்ததும் "உனக்கு வாதம் இல்ல"ன்னு அனுப்புறது. இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாத்தான் வரும். பேப்பரைப் பார்க்கிறதுக்கு முன்னால விரலைப் பாருங்க.

நீங்க வீட்டிலயே கவனிக்க வேண்டியது: காலை விறைப்பு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் தாண்டுதா? ரெண்டு கையிலயும் விரல்கணு, மணிக்கட்டு வீங்கியிருக்கா? கைகுலுக்கிற மாதிரி கணுக்களைச் சேர்த்து அழுத்தினா உயிர் போகுதா? ஆறு வாரம் வரை இதே நிலைன்னா ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்க. காசு இல்லைன்னா, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கு. மெத்தோட்ரெக்சேட் விலை அதிகமான மருந்தும் இல்லை. அதுக்கு அடங்காதவங்களுக்கு மேற்கொண்டு மருந்துகளும் ஊசிகளும் இருக்கு. ஊசிக்கு முன்னால காசநோய் இருக்கான்னு பார்ப்போம்.

அந்த அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிச்சாச்சு, ஸ்டீராய்டை மெதுவா இறக்குறோம். வீக்கம் வத்திடும்னு நம்புறேன். சாய்ந்த விரல் மருந்தால நிமிராது. கொக்கிக்கு மகள்தான் வரணும். அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

இன்பாக்ஸில் எக்ஸ்ரே போட்டோ அனுப்பி மாத்திரை கேட்காதீங்க. கையைத் தொட்டுப் பார்க்காம மருந்து எழுதக் கூடாதுன்னு இவ்வளவு நேரம் கத்தினவன் நான்.