மாட்டுக்குச் சொன்ன பழமொழி

போன வாரம் உறவுக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. பந்தியில் எனக்கு எதிர் இலையில் ஏழு வயதுப் பையன் ஒருவன். கை பட்டு டம்ளர் கவிழ்ந்து, பாயசம் மேஜை விரிப்பில் ஓடியது. அப்பா எழுந்து வந்து முதுகில் வைத்தார் ஒன்று. பையன் வாயில் இருந்த வடை வெளியே வந்து விழுந்தது. பக்கத்து இலையிலிருந்த மாமா ஏப்பத்தோடு அருளினார்: "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். நாங்கல்லாம் வாங்காத அடியா? நல்லா வரலையா?"

நல்லா வந்திருக்கிறாராம். ஒரு பிள்ளை விசும்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் முறை பாயசம் கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறார்.

அடியாத மாடு படியாது என்கிறோம். அது மாட்டுக்குச் சொன்னது. மாட்டுக்கும் அது பொய். என் தாத்தா இரண்டு கறவை வைத்திருந்தார். கறக்கிற நேரத்தில் யாராவது அதட்டினாலே அவருக்குக் கோபம் வந்துவிடும். மாடு பாலை அடக்கிக்கொள்ளுமாம். மாட்டிடமே செல்லாத காசைப் பிள்ளைகளிடம் மாற்றப் பார்க்கிறோம்.

சரி, அடிக்காமல் வளர்த்தால் பிள்ளை கெட்டுப்போகுமா என்று பார்க்கச் சுவீடனுக்குப் போவோம். 1979இல், வீட்டிலும்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது, கேவலப்படுத்தக் கூடாது என்று உலகத்திலேயே முதலில் சட்டம் போட்ட நாடு அது. அந்தச் சட்டத்துக்கெனத் தனியாகச் சிறையும் இல்லை, அபராதமும் இல்லை. சட்டம் வந்த சேதியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே அனுப்பினார்கள்.  அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். மாமாவின் கணக்குப்படி அத்தனை பேரும் தறுதலையாகி, நாடே குட்டிச்சுவராகியிருக்க வேண்டும். எங்கே அந்தக் குட்டிச்சுவர்? மாமா காலையில் செல்போனில் இளையராஜா கேட்கிறாரே, அந்த ஸ்பாட்டிஃபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனியல் ஏக், சட்டம் வந்த பிறகு, 1983இல் சுவீடனில் பிறந்தவர். அடி உதவாமலே அவர் மாமாவுக்கு உதவிக்கொண்டிருக்கிறார்.

"அது குளிர்ப் பிரதேசம், நமக்கு ஒத்துவராது" என்றார் மாமா. பக்கத்திலிருக்கும் நேபாளம் 2018இல் அதே தடையைக் கொண்டுவந்தது. அதுவும் குளிர்ப் பிரதேசமாம்! வெயிலடிக்கிற ஊரில் பிள்ளைக்கு முதுகு வலிக்காதா?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் பள்ளிக்கூட வாசலில் நாம் என்ன சொல்கிறோம்? "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்." எத்தனை தாராளம்! கண் எதற்கு? ரேங்க் கார்டு படிக்கத்தான்.

பள்ளிக்கூடம் என்றதும் இன்னொன்று. கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிற பள்ளிகள் இருக்கின்றன. கட்ட வேண்டியவர் அப்பா, நிற்பது பிள்ளை. அதற்கும் பெயர் ஒழுக்கம். இது வீட்டோடும் பள்ளியோடும் நிற்பதில்லை: சினிமாவில் போலீஸ் கதாநாயகன் லாக்கப்பில் ஒருவனைத் துவைத்தால் தியேட்டரில் விசில் பறக்கிறது. விசிலடிப்பவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 'நாலு போட்டாத்தான் வழிக்கு வருவான்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள்தான். வாங்கினவன் ஒருநாள் கொடுப்பான், இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா?

மாமா கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: "பாசம் இருக்கிறதாலதானே அடிக்கிறோம்?" அப்படியானால் மேலதிகாரியிடம் ஏன் இந்தப் பாசம் பொங்குவதில்லை? அவர் கோப்பின் மேல் காபியைக் கொட்டினால் "பரவால்ல சார்" என்று நாமே துணி தேடி ஓடுகிறோம். திருப்பி அடிக்க முடியாதவன் முதுகைத் தேடித்தான் இந்தப் பாசம் போகிறது.

உங்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது இந்தப் பழமொழிகளில் ஒன்றை எடுத்தால் வாதாடாதீர்கள். 'சுவீடன்' என்று மட்டும் சொல்லுங்கள். நான் சொன்னேன். மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.