மண்டை ஓட்டில் ஒரு கரும்புள்ளி

சாந்த்ராகாச்சி நிலையத்தில் தெற்கே போகும் ரயிலுக்காகக் காத்திருப்பவர்களில் நோயாளி வீட்டாரை அடையாளம் காண்பது சுலபம். பெட்டி படுக்கையோடு ஒரு பெரிய காகித உறையும் இருக்கும். அதை மடிக்க மாட்டார்கள். தரையில் வைக்கவும் மாட்டார்கள். எங்கே என்று கேட்டால் "வேலூர்" என்பார்கள். தலை சம்பந்தப்பட்ட நோய்க்கு வேலூரை நினைப்பதில் நியாயம் உண்டு. நாட்டின் முதல் நரம்பியல் பிரிவை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான்.

குளிர்காலம். பக்கத்து ஏரியில் வலசை வந்த வாத்துகளின் கூச்சல். உறையோடு உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். கரக்பூரில் தமிழர்களோடு வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழ் வரும். மனைவியின் நெற்றிக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் வலியில்லாத வீக்கம். "எக்ஸ்-ரேயில் ஓட்டை தெரிஞ்சுது சார். சி.டி.யும் எடுத்தாச்சு. இப்ப எம்.ஆர்.ஐ. வேணுமாம். பணம் பிடுங்கவா?" என்றார்.

நம் நாட்டில் தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுவதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் விஷயத்தில் அந்தச் சந்தேகம் சரியல்ல.

மண்டை ஓடு ஒரே கெட்டி எலும்பு அல்ல. வெளித்தகடு, உள்தகடு, நடுவே மஜ்ஜை நிறைந்த பஞ்சு போன்ற எலும்பு. எக்ஸ்-ரேயும் சி.டி.யும் பார்ப்பது சுண்ணாம்புச் சத்தை. எம்.ஆர்.ஐ. தேடுவது தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. கெட்டி எலும்பு அதற்குக் கிட்டத்தட்ட தெரிவதே இல்லை. எலும்பு தெரியாத கருவியால் எலும்பு நோயைப் பார்ப்பதா என்று வேடிக்கையாகத் தோன்றலாம். சூட்சுமமே அதில்தான். பெரியவர்களின் படத்தில் தகடுகள் இரண்டு கறுப்புக் கோடுகளாகவும் நடுவிலுள்ள கொழுப்பு மஜ்ஜை வெள்ளையாகவும் விழும். கொழுப்பின் இடத்தை நோய் பிடித்தால் வெள்ளையில் ஒரு கரும்புள்ளி. எலும்பு அரித்து ஓட்டை விழுவதற்கு முன்பே இது தெரிந்துவிடலாம்.

ஓட்டை இருக்கிறது என்று சி.டி. சொல்லும், அதன் விளிம்பையும் துல்லியமாகக் காட்டும். ஓட்டைக்குப் பின்னால் என்ன என்பதுதான் அறுவை நிபுணரின் கவலை. மூளையின் மேலுறை தாண்டப்பட்டிருக்கிறதா? நடு உச்சியின் கீழே ஓடும் பெரிய ரத்தக்குழாய் அமுங்கியிருக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தி வைப்பது ஆபத்து.

வீக்கம் எதுவாகவும் இருக்கலாம். கருவிலேயே எலும்புக்குள் சிக்கிக்கொண்ட தோல் செல்கள் மெல்ல வளர்ந்து கட்டியாகும் எபிடெர்மாய்டு, எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் விளக்குப் போல ஒளிரும். மார்பகம், நுரையீரலிலிருந்து பரவும் புற்றுநோய் உண்டு. மஜ்ஜைப் புற்றான மைலோமா உண்டு. நம் நாட்டில் காசநோயையும் மறக்கக்கூடாது. அபூர்வமாக அது மண்டை ஓட்டையும் அரிக்கும். சில பள்ளங்கள் நோயே அல்ல, பிறவி அமைப்பு. வங்காளத்தில் இன்னொரு சங்கதி: இங்கே ஹீமோகுளோபின்-இ குறைபாடு அதிகம். அது தாலசீமியாவோடு சேர்ந்தால் ரத்தம் செய்ய மஜ்ஜை ஓயாமல் உழைத்து, மண்டை ஓடே தடிக்கும். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் கறுக்கும். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் படத்தை மட்டும் படிப்பவர் புற்றுநோய் என்று மிரண்டுவிடக்கூடும்.

எம்.ஆர்.ஐ. ஏமாற்றவும் செய்யும். எலும்பில் நார் படரும் ஒரு சாதாரணக் கோளாறு அதில் பயங்கரமான கட்டி போலத் தோன்றும், சி.டி.யில் தேய்த்த கண்ணாடி மாதிரி தெரிந்து குட்டு உடைந்துவிடும். ஆகவே இரண்டும் போட்டியல்ல. சந்தேகம் தீராவிட்டால் சதைத் துணுக்குப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு.

1973இல் பால் லாட்டர்பர் காட்டிய வழி இது. 2003இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தபோது, விடுபட்ட ரேமண்ட் டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே.

வழக்கமான கருவியின் காந்தம், 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. படம் எடுக்காதபோதும் அது அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போனவர் உயிரிழந்தார். ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் வெளியே இருக்க வேண்டும். நம் பெண்கள் தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். வங்காளத்தில் சிக்கல் இன்னும் பெரிது: சுமங்கலிகள் அணியும் 'நோவா' இரும்பு வளையல். தங்கத் தகடு போர்த்தியிருந்தாலும் உள்ளே இரும்பு.

அதைச் சொன்னதும் அந்த அம்மாள் வளையலை மறு கையால் மூடிக்கொண்டார். கணவர் ஏதோ சமாதானம் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. எபிடெர்மாய்டுதான், மூளை உறை தப்பித்திருந்தது, எடுத்துவிட்டார்களாம். "ஆப்பரேஷனுக்கு அழலை சார். வளையலைக் கழட்டும்போதுதான் அழுதா. சிவப்பு நூல் ஒண்ணு கட்டிவிட்டேன்."