ரோலர் வேறு, ரோலிங் வேறு



சில மாதங்களுக்கு முன்னர் வடமராட்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் என் கடைக்கு வந்தார். "நானா, ரோலிங் சாமான் இருக்குதோ?" என்று கேட்டார். பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டு நின்ற முதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, எங்கட வலையை அறுத்துக்கொண்டு போற ரோலரோ உனக்கும் வேணும்?" என்றார். இளைஞர் சிரித்தபடி, "இல்லையப்பு, அது மடி. நான் கேக்கிறது தூண்டில்" என்றார்.

இந்தக் குழப்பம் அந்த முதியவருக்கு மட்டும் உரியதல்ல. கடற்றொழில் சாமான் விற்கும் நம்மில் பலருக்கும் அது உண்டு. ஆகவே இவ்வாரம் அந்த இரண்டு சொற்களையும், அவற்றுக்கு நடுவில் இருக்கும் நமது வியாபாரத்தையும் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ரோலர் என்று நாம் சொல்வது இழுவை மடியை. கடலின் அடித்தளத்தையே வாரி இழுத்துக்கொண்டு போகும் மடி அது. குஞ்சும் முட்டையும் பாசியும் சேர்ந்தே வரும். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் மூலம் இம்முறை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ரோலிங் என்பது இதற்கு நேர் எதிரானது. படகை ஓடவிட்டபடியே பின்னால் தூண்டில் கயிறுகளை மேல் நீரில் இழுத்துச் செல்வது. அறக்குளா, சூரை, கெலவல்லா, தளப்பத்து போன்ற ஓடும் மீன்கள், ஓடுகின்ற இரையைத் துரத்தி வந்து கடிக்கும். அடித்தளத்தை அது தொடுவதில்லை. வேண்டிய மீன் வரும், வேண்டாதது பெரும்பாலும் வராது.

வெறுமனே படகின் பின்பக்கத்தில் கயிறுகளைக் கட்டி இழுத்தால் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் விட முடியாது. படகு திரும்பும்போது ஒன்றோடொன்று சிக்கிவிடும். அத்துடன் இயந்திரத்தின் விசிறி கிளப்பும் நுரைக்குள்ளேயே எல்லா இரையும் கிடக்கும். இதற்காகத்தான் படகின் இரு பக்கங்களிலும் சிறகு விரித்தாற்போல் நீளக் கம்புகளைப் பூட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் அவுட்ரிகர் என்பார்கள். துறைமுகத்தில் நிற்கும்போது கம்பு செங்குத்தாக நிற்கும். தொழில் செய்யும்போது வெளியே சாய்க்கப்படும். கம்பில் ஒரு சிறு கப்பி, அதில் ஓடும் ஒரு கயிற்று வளையம், அந்த வளையத்தில் ஒரு பிடி. தூண்டில் கயிறு அந்தப் பிடியில் மாட்டப்பட்டு நுரைக்கு வெளியே தெளிந்த நீரில் ஓடும். மீன் கடித்து இழுத்தவுடன் பிடி விட்டுவிடும். கயிறு தொழிலாளியின் கைக்கு வந்துவிடும். வெளிப்பக்கத்துக் கயிறு நீளமாகவும், உள்பக்கத்துக் கயிறு கட்டையாகவும் இருந்தால் ஐந்து கயிறு விட்டாலும் சிக்காது. கையால் இழுக்கும் தொழிலாளிகள் பிடிக்குப் பதிலாக ரப்பர் துண்டைக் கட்டுவதும் உண்டு. சைக்கிள் டியூபை வெட்டினாலே போதும். மீன் கடிக்கும் அதிர்ச்சியை அது தாங்கும். ரப்பர் நீளுவதைக் கண்டே மீன் பட்டதை அறியலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அல்பகோர் என்ற சூரை இனத்தைப் பிடிக்கும் படகுகள் நீண்ட காலமாக இவ்வாறே கம்பு விரித்துப் பத்துக்கும் மேற்பட்ட கயிறுகளை இழுக்கின்றன. கடல்வளத்தைக் கெடுக்காத மீன் என்று சர்வதேசச் சான்றிதழ் பெற்ற முதலாவது சூரைத் தொழில், 2007இல், அவர்களுடையதுதான். நம் வீட்டுச் சம்பலுக்கு மாசி அனுப்பும் மாலைதீவுக்காரர் தடித்தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரையைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் அச்சான்றிதழ் 2012இல் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் பிடித்த மீன் என்பதையே அவர்கள் தங்கள் முத்திரையாக்கி ஐரோப்பியக் கடைகளில் விற்கிறார்கள். நாமோ, சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்ற காரணத்தால் 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை ஐரோப்பியச் சந்தையையே இழந்து நின்ற நாடு. இந்த வித்தியாசத்தை வியாபாரிகள் நாம் யோசிக்க வேண்டும்.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயதளவில் இருக்கும். வாப்பாவின் இரும்புக்கடை அப்படியே போனது. புத்தளத்தில் ஒரு சிறு பெட்டிக்கடையில் தூண்டிலும் ஈயமும் விற்றுத்தான் மீண்டும் தொழிலைத் தொடங்கினோம். கற்பிட்டிப் பக்கத்துத் தொழிலாளிகள் மூங்கிலை இரு பக்கமும் கட்டி அறக்குளா இழுப்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிக் கடை திறந்த பின், இந்தச் சாமானை இங்கேயும் விற்கலாமே என்று தோன்றியது. அலுமினியக் குழாய் பார்வைக்கு அழகாக இருந்தது. எந்தத் தடிப்பு என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒரு சோடியை ஒரு தொழிலாளிக்கு விற்றேன். இரண்டாம் நாள் படகைத் திருப்பும்போது குழாய் மடிந்து, கயிறுகள் விசிறியில் சுற்றி, அவர்கள் துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தார்கள். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "நானா, விக்க முதல் ஒருக்கா கடலுக்கு வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்கத்தை எங்கே கொடுப்பது?

பிறகுதான் கற்றுக்கொண்டேன். 18 அடிப் பைபர் படகுக்கு 12 முதல் 15 அடிக் கம்பு போதும். முற்றிய மூங்கில், மெல்லிய குழாயை விட நம்பகமானது. கம்பை முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக் கட்டும் கயிறு இல்லாவிட்டால் எந்தக் கம்பும் நிற்காது. அறக்குளாவின் பல்லுக்குக் கம்பித் துண்டு வேண்டும். இல்லையேல் கயிறு ஒரே கடியில் போய்விடும். சுழலி தரமற்றதாக இருந்தால் கயிறு முறுக்கேறி நாசமாகும். இவையெல்லாம் சில்லறைச் சாமான்கள். ஆனால் ஒரு சில்லறைச் சாமான் பிழைத்தால் ஒரு நாள் தொழில் போய்விடும்.

இத்தொழிலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ரோலிங் எரிபொருளை விழுங்கும். வலையைப் போட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தலாம். இதில் நிறுத்த முடியாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனதை எந்தக் கடற்றொழிலாளியும் மறந்திருக்க மாட்டார். பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது. அங்கே பெரிய சூரையைத் தேடுவது வீண். பருத்தித்துறை, வடமராட்சி கிழக்கு போன்ற, வங்காள விரிகுடாவைப் பார்த்த கரைகளுக்கே இது பொருந்தும். வாடைக் காற்றுக் காலத்தில் சிறு படகில் கம்பு விரித்து ஆழ்கடலுக்குப் போவது உயிரோடு விளையாடுவதாகும். ஆகவே வலையை எறிந்துவிட்டு இதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலையோடு சேர்ந்த இரண்டாவது கையாக இது இருக்கட்டும் என்கிறேன்.

அப்படியானால் இலாபம் எங்கே? மீனின் தரத்தில் இருக்கிறது. வலையில் பட்ட சூரை மணிக்கணக்கில் செத்துக் கிடக்கும். சூட்டில் அதன் சதை கெட்டு, உண்பவருக்கு ஒவ்வாமை தரும் ஹிஸ்டமின் உருவாகும். ஏற்றுமதிக்காரர் முதலில் சோதிப்பது அதைத்தான். தூண்டிலில் வரும் மீன் உயிரோடு வருகிறது. உடனே இரத்தம் வடித்து ஐஸில் வைத்தால் அது வேறு மீன், வேறு விலை. ஆனால் கரையில் நிற்கும் மீன் வியாபாரி இரண்டுக்கும் ஒரே விலை போட்டால் தொழிலாளி ஏன் கஷ்டப்பட வேண்டும்? இந்த இடத்தில் குற்றம் கடலில் இல்லை, நமது தராசில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நடந்ததிலும் நமக்குப் பாடம் உண்டு. பாக்குநீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து, 2,000 படகுகளை ஆழ்கடல் சூரைத் தொழிலுக்கு மாற்ற 2017இல் ஒரு பெரும் திட்டம் தொடங்கப்பட்டது. படகொன்றுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா. பெரும் பகுதி அரச மானியம். இருந்தும் எதிர்பார்த்த எண்ணிக்கையில் படகுகள் மாறவில்லை. ஆழ்கடல் பழக்கம், ஐஸ், சந்தை, கடன் என்று எல்லாம் ஒன்றுசேராமல் படகை மட்டும் மாற்றினால் தொழில் மாறாது என்பதையே இது காட்டுகிறது. நாம் 80 இலட்சம் தேட வேண்டியதில்லை. இரண்டு கம்பு, ஐந்து கயிறு, ஒரு நல்ல ஐஸ் பெட்டியில் தொடங்கலாம்.

இதற்கு வியாபாரிகள் நாம் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, தங்கூசி வலை விற்பதை நிறுத்த வேண்டும். அது 2006 முதல் தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் நானும் அதை விற்றவன்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அடுத்த கடைக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதே தங்கூசி, வலையாகப் பின்னினால் கடலை அழிக்கிறது. தூண்டில் கயிறாக ஓடினால் குடும்பத்தைக் காக்கிறது.

இரண்டாவது, நாலைந்து கடைக்காரர் சேர்ந்து தரமான சுழலி, தூண்டில், பிடி, கம்பி என்பவற்றை மொத்தமாக எடுக்கலாம். தனித்தனியாக எடுத்தால் மலிவுச் சரக்குத்தான் கட்டுப்படியாகும். மலிவுச் சரக்கின் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

மூன்றாவதே முக்கியமானது. தொழிலாளிக்கு முற்பணம் கொடுத்து, மீனை எனக்கே தா என்று விலையை அடித்துப் பிடிப்பது நம் கரைகளில் பழைய வழக்கம். வட்டி என்ற பெயர் அதற்கு இல்லாவிட்டாலும் கழுத்தை நெரிப்பது ஒன்றுதான். கடற்றொழிலில் ஏற்கெனவே பங்கு முறை உண்டு. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. நாம் கம்பும் கயிறும் முதலாகப் போட்டு, எண்ணெய்ச் செலவு கழித்து, அதற்குரிய பங்கை மட்டும் எடுக்கலாம். மீன் படாத நாளில் நமக்கும் இல்லை. நம் மார்க்கம் அனுமதிக்கும் கூட்டு வியாபாரமும் ஏறக்குறைய இதுவே. கடல்காரருக்கு இது புதிதுமல்ல.

1990 ஜூனில் வெறிச்சோடிய மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியது. 2019 ஆகஸ்டில் புனரமைப்பின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. துறைமுகம் வந்துவிட்டது. ஒரு தலைமுறைக் காலம் கடலை விட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது மீண்டும் தொழிலைக் கற்கிறார்கள். ஊரை இழந்து திரும்பிவந்து தொழிலை முதலிலிருந்து தொடங்குவது என்றால் என்ன என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அந்த இளைஞருக்கு நான் மூங்கில் கொடுத்தேன். முற்பணம் வாங்கவில்லை, பங்கு பேசியிருக்கிறோம். அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், அவருடன் நானும் ஒருமுறை கடலுக்குப் போகிறேன். விற்க முதல் போயிருக்க வேண்டிய பயணம் அது.