செடிக்கு நோயா, காற்றுக்கு நோயா?

முருங்கை இலை பழுத்து உதிர்கிறது. செம்பருத்தி மொட்டு கருகி விழுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? கடைக்கு ஓடுகிறார்கள். ஒரு குப்பி பூச்சிமருந்து வாங்கி வருகிறார்கள். அடித்தும் விடுகிறார்கள்!

எந்தப் பூச்சிக்கு அந்த மருந்து? கேட்டால் பதில் இல்லை.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கடலோரத்தில் தோட்டம் போட இடம் ஏது? ஆனாலும் மக்களின் ஆசை விடவில்லை. பழைய பெயின்ட் டப்பாவில் துளசி. மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் கீரை. மொட்டை மாடி டிரம்மில் முருங்கை. அந்தக் கீரையை வீட்டுப் பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள்? காரணம் தெரியாமல் அதன்மேல் நஞ்சைத் தெளிக்கலாமா?

அதிலும் இந்த வட்டாரத்தில் செடியை வாட்டுவது பல நேரங்களில் பூச்சியே அல்ல. உப்பு, சாம்பல், புகை. இந்த மூன்றையும் எந்தப் பூச்சிமருந்தும் கொல்லாது!

உப்பின் வேலை

இலையின் நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் காய்ந்திருக்கிறதா? அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் அது முதலில் தோன்றியதா? தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? அப்படியானால் அது உப்பு.

உப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், கடல் நீர் நிலத்துக்குள் புகுந்துவிட்டது. 1960-களின் முடிவிலேயே இது கண்டறியப்பட்டது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் காற்றும் உப்பைக் கொண்டுவந்து கொட்டும். அப்போது கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகும். மறுபக்கம் பச்சையாகவே இருக்கும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர்தான். மழை நீரோ, குழாயில் வரும் குடிநீரோ, தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்து மெல்ல ஊற்ற வேண்டும். அடித்துளை வழியே தண்ணீர் ஓடி வெளியேற வேண்டும். உப்பும் அதோடு போய்விடும். துளை அடைபட்டிருந்தால் வேர்தான் அழுகும். அதை முதலில் பார்க்க வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு உரம் என்று தாய்மார்கள் பலர் ஊற்றுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீரையும், கருவாடு ஊறிய தண்ணீரையும் சாக்கடையில் கொட்டுவதே மேல். உப்புத் தண்ணீர்தான் கதி என்றிருப்பவர்கள் அவரையை மறந்துவிட்டுப் பருப்புக்கீரை போடலாம். இடம் இருந்தால் பூவரசு வைக்கலாம்.

உண்மையில் பூச்சி என்றால்?

இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் இலையின் அடிப்பக்கத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன!

செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறி இறங்கினாலே சந்தேகப்படலாம். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி விழுந்துவிடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

கடுமையான மருந்து ஏன் கூடாது? தமிழ்நாடு கண்ட பாடம் ஒன்று இருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புதுப் பூச்சி தோன்றியது. இதன் தாயகம் மெக்சிகோ. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் சூறையாடியது. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். பூச்சியின் உடம்பின்மேல் மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்து உள்ளே இறங்கவில்லை. அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் செத்தன! 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து விட்டார்கள். அது கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் அது முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று தீர்க்கும். மருந்தால் முடியாததை அந்தக் குளவி முடித்துக் காட்டியது.

தென்னை ஓலை கறுப்பதைப் பார்த்து, "ஆலைப் புகைதான் காரணம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. எல்லாப் பழியையும் ஆலையின்மேல் போடுவதும் சரியல்ல. கறுப்பு பிசுபிசுவென்று ஒட்டினால், ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள் சுருளாகத் தெரிந்தால், அது சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பிறகு பரவிய பூச்சி இது. ஈ கசியவிடும் நீரில் கரும்பூசணம் படர்கிறது. மைதா மாவுக் கஞ்சியைத் தெளித்தால், அது காய்ந்து உதிரும்போது பூசணமும் சேர்ந்து உதிரும். மாறாக, உலர்ந்த சாம்பல் நிறத் தூசி என்றால் அது தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடும். தூசி படிந்த இலைக்கு வெளிச்சமும் குறையும், மூச்சும் முட்டும். வாரம் ஒருமுறை கழுவிவிட வேண்டும். அந்தக் கீரையைச் சமைக்குமுன் இன்னும் நன்றாக அலச வேண்டும்.

தெரு முழுவதும் வாடினால்?

இனி முக்கியமான விஷயம். பூச்சிக்கு ருசி உண்டு. செம்பருத்தியில் ஏறும் பூச்சி பக்கத்துத் துளசியைத் தொடாமல் போகலாம். புகைக்கு ருசி கிடையாது. ஒரே இரவில் துளசி, முருங்கை, வேம்பு, செம்பருத்தி எல்லாம் சேர்ந்து வாடினால், பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே கதை என்றால், அது செடியின் நோய் அல்ல. கந்தகப் புகை பட்டால், நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் உள்ள பகுதி வெளுத்துப்போகும். அம்மோனியா மிகுந்தால் இலை வெந்ததுபோல் கறுக்கும்.

எண்ணூருக்கு இது கற்பனை அல்ல. 2023 டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. வீட்டுச் சுவர்களிலும் அலையாத்திச் செடிகளிலும் கறை ஏறியது. அதே மாதம் 26-ந் தேதி இரவு, உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

1981-ம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டம், மனிதருக்கு மட்டுமல்ல, செடிகொடிகளுக்குத் தீங்கு செய்வதையும் மாசு என்றே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது! மாடியில் கருகிய துளசியும் சட்டத்தின் கண்ணில் ஒரு சாட்சிதான்.

ஆகவே அப்படி ஒரு நாள் வந்தால், மருந்துக் குப்பியைத் தேட வேண்டாம். தேதி, நேரம், என்ன வாடை வந்தது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கருகிய இலையைச் செல்போனில் படம் எடுக்க வேண்டும். நாலைந்து வீட்டார் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்க வேண்டும்.

வாரியத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. மணலியில் காற்றை அளக்கும் கருவி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குப்பத்திலும் கருவி வைக்க முடியாது. செடி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. மனு வந்த மறுநாளே ஓர் அலுவலர் வேளாண்மை தெரிந்த ஒருவரையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய், இலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி, அந்தத் தெருக்காரர்களிடமே ஒரு நகல் கொடுக்க வேண்டும்.