எங்கப்பா பியட்டுக்கு காயலான் கடை விலையா?

"பழைய வண்டிதானே சார், வந்தவரைக்கும் லாபம்னு வாங்கிக்குங்க."

இன்சூரன்ஸ் அதிகாரி ஒருத்தர் போன்ல சொன்ன அறிவுரை இது.

போனது எங்கப்பாவோட 1986 பிரீமியர் பத்மினி. அரியலூர்லேர்ந்து பெரம்பலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டுட்டு மண்டபத்துக்கு வெளிய வந்தா வண்டி இல்லை. அன்னைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. 'கண்டுபிடிக்க முடியவில்லை'ன்னு போலீஸ் சான்றிதழும் வாங்கியாச்சு. பாலிசியில் ஐ.டி.வி. 1,20,000 ரூபாய். தர்றேங்கிறது 45,000. இன்றைய மார்க்கெட் மதிப்பு அவ்வளவுதானாம்!

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தேய்மான அட்டவணை அஞ்சு வருஷம் வரைக்கும்தான். கடைசிப் படி 50%. அதைத் தாண்டின வண்டிக்கு கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கிட்டதுதான் ஐ.டி.வி. திருட்டுப் போனா, பாலிசி காலம் முழுக்க அதுவேதான் மார்க்கெட் மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கிடையாது. 2002 இந்திய மோட்டார் டாரிஃப் சொன்னது இது. எங்க பாலிசியிலும் அச்சாகியிருக்கு. கட்டாயக் கழிவு போக மீதியைத் தரணும், அவ்வளவுதான்.

பிரீமியம் வாங்க ஒரு படி, பணம் கொடுக்க ஒரு படியா?

ஊர்ல ரெண்டு லட்சத்துக்குக் கேட்டாங்க. அதை நான் கேக்கலை. ஒத்துக்கிட்டதைத்தான் கேக்கறேன். (பிரீமியம் குறையுதேன்னு ஐ.டி.வி.யைக் குறைச்சுப் போடுற மக்களே, அப்புறம் வாய் திறக்க முடியாது.)

'முழுமையும் இறுதியும்'னு வந்த காகிதத்துல கையெழுத்துப் போடலை. கம்பெனி குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியாச்சு. ஒரு மாசத்துல சரியான பதில் இல்லைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அப்பா, "விடுப்பா, எதுக்கு அலையற"ங்கிறார். அந்த 'விடுப்பா'வை நம்பித்தான் அவங்க 45,000ல ஆரம்பிக்கிறாங்க.

விடறதா இல்லை.